எலி முதுகில் மதாம் தேடிய மரு

கல்யாணமான புதிதில் நான் எலி குளிப்பாட்டும் வேலைக்குப் போனதாக எங்கள் தெருவில் சொல்லித் திரிந்தார்கள். அது தவறு. எலியை யாரும் குளிப்பாட்டுவதில்லை. கூண்டைக் கழுவுவேன், மரத்தூள் மாற்றுவேன், ஊறவைத்த கடலையும் கேரட்டும் போடுவேன். பிறகு எலியின் முதுகை மழித்து, அதில் சிகரெட்டுப் புகையின் சாற்றைத் தடவுவேன். இந்தக் கடைசி வேலையை நான் வெளியில் சொன்னதில்லை. சொன்னால் நம்பக்கூடிய முகம் அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மூலக்குளத்தில் ஒன்றுகூட இல்லை.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊரை ஒப்படைக்கிற கையெழுத்தெல்லாம் முழுசாக முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஊர் யாருடையது என்று ஊருக்கே சரியாகத் தெரியாத நேரம். நான் வேலை பார்த்த வீட்டு ஐயாவை எல்லாரும் பிரெஞ்சில் மிசியே என்பார்கள்; அவருக்கு அந்தக் கவலை எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த கவலையெல்லாம் எலிகள்தான்.

மிசியே நம்ம ஊர்த் தமிழர்தான், கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர். பாரிசில் படித்துவிட்டு வந்து டாக்டர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். படிப்பிக்கிற இடத்தில் எலிக்கு ஓர் அறை கேட்டாராம். நாற்றம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகையால் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில், பழைய மாட்டுக் கொட்டாயை வெள்ளையடித்து எலிகளைக் குடிவைத்தார். அதை அவர் 'லபொரத்துவார்', அதாவது ஆராய்ச்சிக்கூடம், என்பார். அவர் மனைவி மதாம் 'எலிக்கொட்டாய்' என்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கூச்சம், ஆள் முன்னால் லேசில் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், வாத்தியார் என் குரலைக் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். எலி வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். எலி நம்மை எதுவும் கேட்காது.

மார்க்கெட்டுதான் கேட்கும். பெரிய மார்க்கெட்டில் கேரட் வாங்கப் போனால் காய்க்காரம்மா விடாது.

"யாருக்கும்மா தெனம் இத்தினி கேரட்டு?"

"டாக்டர் வீட்டுக்கு," என்பேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டருக்கு எத்தினி புள்ளைங்க?"

எனக்குப் பொய் சொல்லவும் வராது, விளக்கவும் வராது. "கொட்டாய் நெறைய இருக்குதுங்க," என்றேன்.

"அடிப்பாவி. மதாமுக்கு இடுப்பு என்ன இரும்புலயா செஞ்சிருக்கு?"

அன்றிலிருந்து மதாம் மார்க்கெட்டுப் பக்கம் வந்தால் அந்தக் காய்க்காரம்மா எழுந்து நின்று வழி விடும். மதாமுக்கு ஏன் என்று புரிந்ததேயில்லை. அவருக்கு இருந்தது இரண்டே பெண்கள், இருவரும் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார்கள்.

கொட்டாயில் சிகரெட் குடிக்க ஒரு மெஷின் இருந்தது. மெஷின் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி, அது நிறையத் தண்ணீர், அடியில் ஒரு குழாய். குழாயைத் திறந்தால் தண்ணீர் இறங்கும், இறங்க இறங்க மேலேயிருந்து ஒரு ரப்பர் டியூப் வழியாகக் காற்றை இழுக்கும். டியூபின் மறுமுனையில் ஐஸில் உட்காரவைத்த ஒரு சின்ன பாட்டில். அந்தப் பாட்டிலின் மூக்கில் சிகரெட்டைச் செருகிப் பற்றவைத்தால் அதுவே குடிக்கும். ஆளில்லாமல் சிகரெட் கனிந்து கனிந்து அடங்குவதைப் பார்க்க முதலில் எனக்குப் பயமாக இருந்தது. முனி உட்கார்ந்து குடிப்பதுபோல இருக்கும். குழாயைத் திறந்து மூடுவது என் வேலை. ஒரு மூச்சு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு மூச்சு. ஆகமொத்தம் அந்த வீட்டில் மரியாதையாக, அவசரமில்லாமல் சிகரெட் குடித்தது நானும் அந்த ஜாடியும்தான்.

மிசியே அப்படியில்லை. "மெஷினுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு," என்று கணக்கு வைத்திருந்தார். "அது பாவம், தனியா குடிக்கக் கூடாது," என்பார். மெஷின் ஓய்வெடுக்கிற நாளிலும் அவர் துணைக்குக் குடித்தார்.

பாட்டிலின் அடியில் பழுப்பாகப் பிசின் சேரும். அதை அசெத்தோன் என்று ஒரு மருந்தில் கரைத்தால் சாறு தயார். அந்த மருந்து மூக்கில் இனிப்பாக ஏறும், தலை கொஞ்சம் மிதக்கும். வெள்ளைச் சுண்டெலியை இடது கையில் பிடித்து, முடி மழித்த முதுகில் தூரிகையால் ஒரு இழுப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைவிட லேசான வேலை. ஒரே வித்தியாசம், சுவர் கடிக்காது.

எதற்காக இந்தக் கூத்து என்று மிசியேவே ஒரு நாள் சொன்னார். நான் கேட்கவில்லை. நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"உங்க வூட்டுல நெலம் இருக்குல்ல? அப்ப ஒனக்குப் புரியும். பாரிசுலேந்து வந்த அந்தச் சின்னக் குப்பியில இருக்கிற மருந்துதான் வெதை. அத எலி முதுகுல ஒரே ஒரு தடவதான் வெச்சோம். வெதைய மட்டும் வெச்சிட்டு சும்மா வுட்டா ஒண்ணும் மொளைக்காது. பொகைச்சாறு தண்ணி மாதிரி. வெதை இல்லாத எடத்துல தண்ணி ஊத்துனாலும் ஒண்ணும் மொளைக்காது. ரெண்டும் சேந்தா? மரு மொளைக்குதா இல்லியா? அதான் கேள்வி. பொகை கட்டிய வளத்துவிடுமான்னு பாக்குறோம்."

அதற்காகத்தான் மூன்று வரிசை. சன்னலோரத்து எலிகளுக்கு விதையும் உண்டு, சாறும் உண்டு. நடு வரிசைக்கு விதை மட்டும். சுவரோரத்துக்குச் சாறு மட்டும். எனக்கு நன்றாகவே புரிந்தது. விதையும் தண்ணீரும் சரியாக இருந்தும் ஒன்றும் முளைக்காத வருடங்கள் எங்கள் நிலத்தில் உண்டு என்று சொல்ல வாய்வரை வந்தது. மூடிக்கொண்டேன்.

மதாமுக்கு இந்த விதை, தண்ணீர்க் கதையெல்லாம் வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மிசியே சிகரெட்டை விட வேண்டும். மதாமின் அப்பா சுருட்டு பிடித்தவர். தொண்டையில் கட்டி வந்து செத்தார். கடைசியில் கஞ்சியும் இறங்காமல், கரண்டி நுனியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டியிருந்ததாம். அந்தக் கரண்டியைப் பிடித்தவர் மதாம். இதை என்னிடம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"ஒரு தடவ புடிச்ச கரண்டிய இன்னொரு தடவ புடிக்க என்னால ஆவாது," என்றார். அதற்குப் பிறகு உப்பு எங்கே என்று கேட்டார்.

ஒரு நாள் காலையில் மிசியே கொட்டாயில் நின்று விடாமல் இருமிக்கொண்டிருந்தார். மதாம் காபி கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எலிக்குக்கூட இப்பிடி இருமல் கெடையாது," என்றார்.

"எலி இழுக்கறதில்ல. அதுக்கு முதுகுலதான் தடவுறோம்."

"அப்ப உங்க முதுகுலயும் தடவிடலாம். இந்தப் பொண்ணுக்குக் கை நல்லா பழகியிருக்கு."

நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

"கெடுதல்னு இன்னும் முடிவாவல," என்றார் மிசியே. "வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்களே அடிச்சிக்கிறாங்க. நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாத்து, கெடுதல்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா பாரிசுக்கு எழுதுவேன்."

"எழுதிட்டு?"

மிசியே காபியைக் குடித்தார்.

"எழுதிட்டு, களைப்பா இருக்குன்னு ஒண்ணு பத்த வெப்பீங்க," என்றார் மதாம். அதற்குப் பிறகு பிரெஞ்சில் சில வார்த்தை. மதாமுக்குக் கோபம் பிரெஞ்சில் தொடங்கி நம்ம ஊர்த் தமிழில் முடியும். முடிந்த இடத்தைக் கேட்டபோது பிரெஞ்சுப் பகுதி புரியாமல் போனதே நல்லது என்று தோன்றியது.

"சரி," என்றார் மிசியே. "சன்னலோர வரிசையில மரு வந்து, மத்த ரெண்டுலயும் வரலன்னா, அன்னியோட வுட்டுடறேன். போதுமா?"

"சாட்சி?"

மிசியே சுற்றுமுற்றும் பார்த்தார். எலிகளையும் என்னையும் தவிர யாரும் இல்லை. "இந்தப் பொண்ணு."

"இது வாயே தெறக்காதே."

"அதான் நல்ல சாட்சி. மாத்திப் பேசாது."

அன்று முதல் மதாமுக்கு எலிகள்மேல் வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் படுத்து எழுந்து ஒரு தடவை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு தடவை. மிசியேவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னலோர எலிகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"கடுகு அளவுக்குக்கூட இல்லியா?"

இல்லை என்று தலையாட்டுவேன்.

"தோ, இங்க செவப்பா இருக்கே. இது என்னா?"

பக்கத்து எலி கடித்தது என்று கையால் காட்டுவேன். மதாம் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கீழே வைப்பார். கடித்த எலிக்கு அன்றைக்குக் கேரட் கிடையாது.

சனிக்கிழமைதோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றவும் தொடங்கினார். எலிக்குக் கட்டி வர வேண்டும் என்று ஒரு மனுஷி முட்டிபோட்டுக் கேட்டதை மாதா எப்படி எடுத்துக்கொண்டாளோ. மிசியேவும் தினம் அந்த வரிசையைப் பார்க்க வருவார். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாக ஒன்று பற்றவைப்பார். பிறகு, தான் போட்ட சோதனை பலிக்கவில்லையே என்று நினைவு வந்து முகம் வாடும். அந்த வாட்டம் போக இன்னொன்று.

இப்படியே மாதங்கள் போயின. எலிகளுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு வயிறு வந்தது.

அசெத்தோன் வாசனை பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்று மிசியேவே என்னை அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் திரும்பி வரும்வரை வேலையைப் பார்க்க என் மாமியாரை அழைத்துப் போய் நிறுத்தினேன். மாமியார் நடவுக்கும் களைக்கும் போய் உரமேறிய உடம்பு. இடுப்பில் எப்போதும் சுருட்டு. அதைப் பார்த்ததும் மிசியேவின் முகம், சொந்தக்காரரைக் கண்டதுபோல மலர்ந்தது.

"எத்தன வருஷமா புடிக்கிறீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேந்து தொரே."

"இருமல் உண்டா?"

"இருமல் இல்லாம எப்பிடி? காத்தால நல்லா இருமிட்டுத்தான் பத்தவெப்பேன்."

மிசியே மதாமைத் திரும்பிப் பார்த்தார். மதாம் சுவரைப் பார்த்தார்.

"எலி வளக்கத் தெரியுமா?"

"அடிக்கத் தெரியும். வளக்கறது மருமவ காட்டிக் குடுத்தாப் பழகிக்கிறேன்."

காட்டிக் கொடுத்தேன். மாமியார் எலியைப் பிடித்த பிடியில் அது கத்தவேயில்லை. ஆடு, மாடு பார்த்த கை. "புள்ளையாரு வண்டிக்கு முதுகு செரைக்கிறதா? நல்லா இருக்குடி ஒன் உத்தியோகம்," என்று மட்டும் சொன்னார். எந்த வரிசைக்கு எது என்பதை நன்றாகக் கேட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மரு வருமா என்று பார்ப்பதற்காகத்தான் இத்தனையும் என்று மிசியே சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று மிசியே நினைத்தாராம். நான் எதையாவது சொல்லியிருப்பேன் என்று அந்த வீட்டில் ஒருவர் நினைத்தது அதுதான் முதல் தடவை.

நான் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்ததை மாமியாரும் மதாமும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

நான் போன கொஞ்ச நாளில் காரைக்காலில் டாக்டர் போதவில்லை என்று மிசியேவை அங்கே அனுப்பினார்கள். அவர் போனதுதான் தாமதம், சன்னலோர வரிசையில் மரு முளைத்துவிட்டது. முதலில் ஒன்று, கடுகு போல. பிறகு அங்கங்கே. சில மிளகு அளவு, சில காம்பு வைத்த காலிஃபிளவர் போல. மற்ற இரண்டு வரிசையின் முதுகும் பளிச்சென்று இருந்தது. மதாம் பூதக்கண்ணாடியைத் தூக்கி மேசைமேல் போட்டுவிட்டு மாமியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். மாமியாருக்கு அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை. சுருட்டு நசுங்கியதுதான் வருத்தம்.

அந்தச் சேதியை மிசியேவின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று மதாம் மறுநாளே காரைக்காலுக்குப் புறப்பட்டார். வெளியில் சொன்ன காரணம், மிசியேவுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது. போகும்போது மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"இந்த சன்னலோர எலிங்கள கண்ணு மாதிரி பாத்துக்கம்மா. ஐயா வந்து பாக்கும்போது எல்லாம் நல்லா இருக்கணும். ஒன்ன நம்பித்தான் போறேன்."

மாமியார் கொட்டாய்க்குள் திரும்பி வந்து எலிகளைப் பார்த்தார். மருமகள் இருந்தவரைக்கும் வழவழவென்று இருந்த முதுகு. தன் கைக்கு மாறியதும் முருங்கைமரம் மாதிரி ஆகிவிட்டது. ஐயா வந்து பார்த்தால் மருமகள் வேலைக்கு ஆபத்து என்று பயந்துபோனாராம். மதாம் கட்டிப் பிடித்தது துக்கத்தில் என்றே அவர் நினைத்திருந்தார்.

மருவுக்கு எங்கள் பக்கத்தில் வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். குதிரை வால் முடியை எடுத்து மருவின் அடியில் இறுக்கி முடி போட்டால் சில நாளில் கருத்து விழுந்துவிடும். மார்க்கெட்டு வாசலில் நிற்கும் குதிரை வண்டிக்காரனிடம் ஒரு சுருட்டைக் கொடுத்து, குதிரையைக் கேட்காமல் முடியைப் பிடுங்கி வந்தார். எங்கள் வீட்டு ஆட்டுக்கும், என் வீட்டுக்காரரின் கழுத்துக்கும் போட்ட அதே முடிச்சு. எலி சின்னது என்பதால் முடியைப் பல்லால் பிடித்துக்கொண்டு கட்டினாராம். சாறு தடவும் வேலையையும் விடவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். கட்டிய மரு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. போதாததற்கு, மரு மறைந்தால் உப்பும் மிளகும் கொட்டுவதாக எங்கள் ஊர் அம்மனுக்கும் நேர்ந்துகொண்டார்.

இந்தப் பக்கம் மாதாவிடம் மரு வர வேண்டும் என்று மதாமின் மெழுகுவர்த்தி. அந்தப் பக்கம் அம்மனிடம் மரு போக வேண்டும் என்று மாமியாரின் மிளகு. இரண்டு பேருமே கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் எலிக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

பிள்ளை பெற்று நான் மூலக்குளத்துக்குத் திரும்பிவந்து, குழந்தையைக் காட்டுவதற்காக டவுனில் மிசியே வீட்டுக்குப் போன அன்றுதான், காரைக்கால் வேலை முடிந்து மிசியேவும் மதாமும் வந்து இறங்கினார்கள். மதாமின் நடையில் கல்யாணக் களை. மிசியே பின்னால், தூக்குக்குப் போகிறவர்போல, கையில் புகைந்துகொண்டிருந்ததை ஆழமாக இழுத்துக்கொண்டு வந்தார். வண்டியில் வரும்போதே மிச்சமிருந்த பாக்கெட்டையெல்லாம் தீர்த்துவிட்டதாக மதாம் என்னிடம் சொன்னார். "குடிக்கட்டும், குடிக்கட்டும். கடைசிதானே," என்று சிரித்தார். என் குழந்தையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

கொட்டாய்க்குள் போனோம். மாமியார் கதவோரம் நின்றார். மிசியே ஒரு எலியை எடுத்தார், திருப்பினார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போது அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"எங்க?" என்றார்.

மதாம் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தானே பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காதிலிருந்து கழுத்து வரை நிறம் இறங்கியது மட்டும் தெரிந்தது.

"இருந்துச்சு," என்றார். "நான் பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தது கடிச்ச புண்ணா இருக்கும்," என்றார் மிசியே. கை தானாகப் பையைத் தடவியது. பாக்கெட் இல்லை. மெஷினுக்கு வைத்திருந்த டப்பாவைத் திறந்து அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். அப்படி ஒரு ருசியாக அவர் புகை விட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போது மாமியார் முன்னால் வந்தார். மெச்சிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து நின்றவர், யாரும் கேட்காததால் தானே சொல்லிவிட்டார்.

"மதாம்மா சொல்றது நெசந்தான் தொரே. முதுகு பூரா இருந்துச்சு. நான்தான் குதிர முடி கட்டி, ஒண்ணு பாக்கி இல்லாம எடுத்துட்டேன்."

மிசியே வாயிலிருந்த புகை எந்த வழியாக வெளியேறியது என்று தெரியவில்லை. இருமல் அடங்கவே நேரமாயிற்று. அன்று அவர் முகத்தில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தப்பித்த சந்தோஷம். இன்னொருவருக்குத் தன் வேலை அத்தனையும் குதிரை வாலில் போன ஆத்திரம். யாரை முன்னே விடுவது என்று அவருக்கே புரியவில்லை.

"எத்தன இருந்துச்சு?" என்றார் ஆத்திரக்காரர்.

"அதுக்கென்னா, தெரியுமே." மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினார். மிளகு. "மருவுக்கு ஒண்ணுன்னு முடிஞ்சி வெச்சிருக்கேன். ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குக் கொட்டணும்."

"எந்த வரிசைக்கு எத்தன?"

"என்னா தொரே கேக்கறீங்க. எல்லாம் சன்னலோரந்தான். மத்ததுங்களுக்கு முதுகு மொழுமொழுன்னு இருந்துச்சு. இல்லாத மருவுக்கு நான் எதுக்கு முடி போடப்போறேன்?"

மேசைமேல் மிளகு உருண்டு ஒரு பக்கமாக ஓடியது. மதாம் கையால் அணைத்து நிறுத்தினார்.

"வந்துச்சு," என்றார். "சன்னலோரம் வந்துச்சு. மத்த ரெண்டுலயும் வரல."

"மொளகக் காட்டி பாரிசுக்கு எழுத முடியுமா? சிரிப்பானுங்க."

"பாரிசுக்கு எழுத வேணாம். எனக்குக் குடுத்த வார்த்தைக்கு மொளகு போதும்."

"திரும்ப மொளைக்கட்டும். அப்ப பாக்கலாம்."

"அது வரைக்கும்?"

மிசியே என் பக்கம் திரும்பினார். "சாட்சி இருக்கே. நீ சொல்லும்மா. நான் வார்த்த குடுத்தது மருவுக்கா, மொளகுக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எலிகளும் பார்த்ததுபோல இருந்தது. சொல்ல வேண்டியது தெரியும், வாயில் வரவில்லை. குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போய், மெஷின் பக்கத்தில் இருந்த சிகரெட் டப்பாவை எடுத்து மதாமிடம் கொடுத்தேன். அவ்வளவுதான்.

மதாம் டப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டு மிசியேவைப் பார்த்தார். கத்தவில்லை. பிரெஞ்சும் இல்லை.

"நான் திரும்பவும் கரண்டி புடிக்க மாட்டேன்," என்றார். "சொல்லிட்டேன்."

மிசியே கையில் இருந்ததில் பாதி மிச்சம் இருந்தது. அதைப் பார்த்தார். ஜாடிக்குக் கீழே இருந்த தண்ணீர் வாளியில் போட்டார். சுர்ரென்று ஒரு சத்தம்.

"மெஷினுக்கு எண்ணி எண்ணித்தான் எடுத்துக் குடுப்பேன்," என்றார் மதாம்.

மிசியே சிகரெட்டை விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கிராம்பு மென்றார், ஏலக்காய் மென்றார், பென்சிலை மென்றார். எலிகளைப் பிரெஞ்சில் திட்டினார். நான் மெஷினுக்குக் குழாய் திறக்கும்போது பாட்டிலின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு எதையோ தேடுவார். மதாம் சன்னல் வழியாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் போய்விடுவார். சன்னலோர எலிகளுக்கு மரு திரும்ப முளைத்தது. இந்தத் தடவை யாரும் முடி கட்டவில்லை. அதை எண்ணி, மற்ற இரண்டு வரிசையையும் எண்ணி, பாரிசுக்கு எழுதினார். குதிரையைப் பற்றி எழுதினாரா, எனக்குத் தெரியாது. அந்த எலிகள் அதிக நாள் இருக்கவில்லை. அவற்றில் ஒன்றுகூட ஒரு சிகரெட்டைக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை என்று தோட்டத்தில் குழி வெட்டும்போது நினைத்துக்கொள்வேன்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்னால் எல்லா வேலையும் பார்க்க முடியாது என்று மாமியாரும் தொடர்ந்து வந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைப்பார். அவர் யாருக்கும் எந்த வார்த்தையும் கொடுக்கவில்லையே. ஒரு நாள் மிசியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார்.

"அங்க என்னா பேச்சு?" என்று மதாம் சமையல்கட்டிலிருந்து கேட்டார்.

"வெவசாயம்," என்றார் மிசியே.

உண்மையில் விவசாயம்தான் பேசினார்கள். கத்திரிக்குப் பூச்சி வந்தால் என்ன செய்வது என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்ட டாக்டர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். மாமியார் புகை விடும்போதெல்லாம் அவர் மூச்சை உள்ளே இழுத்துக் கேட்டார்.

நாலைந்து நாள் பொறுத்து, சும்மா போகக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, புதிதாக வந்த எலிகளில் ஒரு கூண்டைக் கையில் தூக்கிக்கொண்டு போனார். மதாம் வெளியே வந்துவிட்டார்.

"இது எதுக்கு?"

"இது வேற சோதனை. பக்கத்துல ஒக்காந்து மோந்தாலும் கெடுதல் உண்டான்னு பாக்கறேன்."

"யாருக்கு?"

"எலிக்கு."

மாமியார் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "நான் வேணா எந்திரிச்சிப் போயிடட்டுமா மதாம்மா?" என்றார்.

மதாம் மூன்று பேரையும் பார்த்தார். மாமியார், மிசியே, கூண்டு. விரலை நாக்கில் தொட்டு மேலே தூக்கிப் பிடித்தார். கடல் பக்கமிருந்துதான் காற்று.

"போவாத. நீ எந்திரிச்சி இந்தாண்ட வந்து ஒக்காரு," என்றார்.

மாமியார் எழுந்து மிசியேவுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். புகை முழுவதும் பக்கத்து வீட்டு மதில்மேல் போய் மோதியது.

"அப்ப எலிக்கு?" என்றார் மிசியே.

"எலிக்கும் சேத்துத்தான்," என்று சொல்லிவிட்டு மதாம் உள்ளே போய்விட்டார்.

உடனே எழுந்துவிட்டால் மரியாதை போய்விடும் என்று மிசியே எழவில்லை. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, காற்று தன் பக்கம் திரும்புமா என்று மாமரத்து இலையைப் பார்த்தபடி, மாமியாரிடம் வெண்டைக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.